உமையாள்நாச்சியும் ஒன்பதாம் வகுப்பு மாணவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தியோடு குடுமியான்மலை போயிருந்தேன். மேலக்கோயில் பக்கத்துப் பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைப் படம் எடுத்தாள். சௌந்தரநாயகி அம்மன் சன்னதிக்கு வந்ததும், "இதை எந்த ராஜா தாத்தா கட்டினார்?" என்றாள். ராஜா இல்லை, உமையாள்நாச்சி என்ற தேவரடியார் கட்டியது என்றேன். சொன்னதுமே முப்பது வருஷத்துக்கு முந்தைய என் வகுப்பறைக்குப் போய்விட்டேன்.

அன்று பாடம் தாராளவாதம். (தாராளமயமாக்கல் அல்ல, அது வேறு கடை.) மனிதன் பிறப்பால் எந்த வேலைக்கும் விதிக்கப்பட்டவன் அல்லன், யோசிக்கவும் தேர்ந்தெடுக்கவும் தெரிந்தவன், சமுதாயமும் அரசும் அவனுடைய சம்மதத்தின் பேரில்தான் நிற்க வேண்டும். இவ்வளவுதான் சாரம். லாக், மில் என்று சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நம்மூர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொன்னேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் பெண் சேருவதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்க்கச் சொன்னார். 1912இல் டாக்டர் ஆனார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர். அதே ஆண்டு, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

நான் பெருமையாகப் பேசி முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "அப்போ நம்ம கோயில் உமையாள்நாச்சி கெட்டவங்களா சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன், அதுதான் தப்பு. "அது வேற விஷயம்மா, உட்காரு" என்றேன். அதன் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதே இல்லை. அவள் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்று, அன்றைக்கும் அது லேசான கேள்வி இல்லை. சென்னை தேவதாசிகளே சங்கம் கூடி எதிர்ப்பு மனுக் கொடுத்தார்கள். முன்நின்றவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தம் சொந்தக் காசில் சமாதிக் கோயில் எழுப்பிய அம்மையார். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கலை உண்டு, எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவு செய்யாதீர்கள் என்பது அவர்கள் வாதம். குடும்பப் பெண்களுக்குச் சொத்தில் முழு உரிமை 1956 சட்டத்தில்தானே வந்தது! தம் கையில் பொருள் வைத்திருந்ததால்தான் உமையாள்நாச்சியால் ஒரு சன்னதி கட்ட முடிந்தது. சட்டசபையில் எதிர்த்தவர் நம் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. கலையும் மரபும் அழியும் என்றார். ஆக, இரு தரப்பிலும் புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள்.

'எங்களைக் கேளுங்கள்' என்பதும் தாராளவாதப் பேச்சுதான். பிறகு முத்துலட்சுமி செய்தது எப்படிச் சரி?

அப்பன் செய்த ஒப்பந்தம் பிள்ளையைக் கட்டாது என்று 1689இலேயே எழுதியவர் லாக். ஒருவரின் நன்மைக்கென்று சொல்லிக்கூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1859இல் வாதிட்ட மில், அது வயது வந்தவர்களுக்கே பொருந்தும் என்று கவனமாகச் சொன்னார். பொட்டுக் கட்டப்பட்டதோ சிறுமிகளுக்கு. சம்மதம் கேட்க அங்கே ஆளே இல்லை. நாகரத்தினம்மாள் தம்மைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பதில் ஆகாது.

1929இல் வந்த சட்டத் திருத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. தேவதாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். அந்த முடிச்சை அந்தத் திருத்தம் அவிழ்த்தது. நிலத்தை வைத்துக்கொண்டே விலகலாம். போவென்று தள்ளவில்லை, போகும் வழியைத் திறந்தது. எனக்கு முத்துலட்சுமியிடம் மிகப் பிடித்தது இதுதான். பொட்டுக் கட்டுவதை முழுதாகத் தடுத்த சட்டம் 1947இல் வந்தது. அதுவும் சென்னை மாகாணத்துக்கு. நம் சமஸ்தானம் 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது.

நஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டாம். வளர்ந்த பெண்களின் ஆட்டமும் பாட்டும் கோயிலை விட்டுப் போயின. அதே ஆட்டம் வேறு பெயரில், வேறு வீட்டுப் பிள்ளைகளோடு மேடை ஏறியது. கற்றுக்கொடுத்த குடும்பத்துக்கு ஏச்சு மட்டும் மிஞ்சியது. என் வகுப்பில் கேட்ட சிரிப்பும் அந்த மிச்சம்தான்.

உமையாள்நாச்சி கெட்டவர் இல்லை அம்மா. அன்று எழுந்து நின்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. உங்களில் அவளோடு படித்தவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். பெயரைக் கீழே எழுத வேண்டாம். பேத்தி எடுத்த சன்னதிப் படத்தையும் போட்டிருக்கிறேன்.