டைனமோவும் மலைப்பாதையும்: பழைய வண்டிகளில் சார்ஜ் ஏறாத கதை

விடிவதற்கு முன்னால் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கம் போனால் ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கையில் தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வரும், ஏற்றிக்கொள்ளும், அடுத்த முனையில் மறுபடி நிற்கும். பிறகு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று ஏதாவது ஒரு மலைப்பாதையில் ஏறி கேரளாவுக்குள் போய்விடும். இருட்டு, பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவு. இதில் ஹெட்லைட் மங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வெளிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த சின்ன இயந்திரத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. 1950களின் இறுதியிலிருந்து அது லோயர் கேம்ப் மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது. அதே மலையில் ஏறும் ஜீப்பின் பானட்டுக்குள்ளும் ஒரு குட்டி மின் நிலையம் உண்டு. அங்கே தண்ணீர் சுற்றுகிறது, இங்கே ஃபேன் பெல்ட் சுற்றுகிறது. இரண்டுக்கும் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான்.

ஆரம்பகாலக் கார்களில் பேட்டரியை சார்ஜ் செய்யும் வேலையே இல்லை. கார்பைடு விளக்கு, கையால் சுற்றும் ஹேண்டில், பொறிக்கு மேக்னெட்டோ, அவ்வளவுதான். ஹேண்டில் திருப்பி அடித்து கை உடைந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. செல்ஃப் வந்ததும் பெரிய பேட்டரி வேண்டும், பேட்டரி வந்ததும் அதை நிரப்ப டைனமோ வேண்டும். இப்படி ஒன்றின் வால் பிடித்து இன்னொன்று வந்து சேர்ந்தது.

டைனமோவில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிரந்தரக் காந்தம் வைக்காமல், தான் உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியையே தன் காந்தத்துக்கு எடுத்துக்கொள்ளும். 1866-இல் வெர்னர் சீமன்ஸ் செய்துகாட்டிய வழி இது. ஆனால் முதல் துளி மின்சாரம் எங்கிருந்து வரும்? இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு காந்த சக்தியிலிருந்து. அது போய்விட்டால் நன்றாக இருக்கும் டைனமோகூட பிணம் மாதிரி கிடக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தியச் சாலைகளுக்கு ஜீப் வந்தது. போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 6 வோல்ட் மின்சாரம்தான். 1945-இல் தொடங்கி, 1948-இல் பெயர் மாறிய மஹிந்திரா அண்ட் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. 1950களின் இறுதியில் அம்பாசடர் கார் வந்தது. 1961-இல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் மதுரையில் பிறந்த டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியை உருவாக்கி, சென்னை பாடியில் வாகன மின்சாதனங்களைத் தயாரித்தன. டைனமோ, செல்ஃப் எல்லாம் உள்ளூர்ச் சரக்கானது.

ஆனால் டைனமோவுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. அக்காலத்தில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை, நல்ல வேகத்தில் அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். என்ஜின் ஐடிலில் இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. இப்போது கணக்குப் பாருங்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயில், வைப்பர், பின்விளக்கு எல்லாம் சேர்ந்தால் 15 ஆம்பியரைத் தொடும். தெருவுக்குத் தெரு நின்று ஆளேற்றும் வண்டியில், செக்போஸ்ட்டில் லைட்டோடு காத்திருக்கும் வண்டியில், இவ்வளவும் பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். பகலில் நீண்ட தூரம் ஓடும் காருக்கு வராத நோய், விடிகாலையில் நின்று நின்று போகும் வண்டிக்கு வருவது இதனால்தான்.

இதற்கு மருந்து ஆல்டர்னேட்டர். இதில் காந்தம் உள்ளே சுழலும், மின்சாரம் உண்டாகும் சுருள் வெளியே அசையாமல் இருக்கும். கார்பன் வழியாகப் போவது காந்தத்துக்கான சின்ன மின்சாரம் மட்டுமே. அதனால் வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலும் சார்ஜ் கிடைக்கும். ஆனால் வருவது மாறுதிசை மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியதோ நேர்த்திசை. மலிவான சிலிக்கான் டையோடு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் அதைக் கொண்டுவந்தது. மெல்ல மெல்ல உலகம் முழுக்க டைனமோ ஓரங்கட்டப்பட்டது.

போனது டைனமோ மட்டுமல்ல, அதைப் பார்த்து வைத்தியம் சொல்லும் கைகளும்தான். இன்று பழைய ஜீப்பையோ அம்பாசடரையோ ஆசையாக வாங்குகிறவர்கள், சார்ஜ் இல்லை என்றதும் புது பேட்டரி போடுகிறார்கள். ஒரே மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் போன வரிசையே வேறு.

முதலில் காசு செலவில்லாதது. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். அடுத்து பேட்டரி டெர்மினல், எர்த் வயர். பச்சை பூத்திருந்தால் சுரண்டி முறுக்க வேண்டும். பாதி வண்டிகள் இங்கேயே சரியாகிவிடும்.

அதற்குப் பிறகு மீட்டர். என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை முறுக்கினால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறை டைனமோவிலா, கட்-அவுட் பெட்டியிலா என்று பிரிக்க வேண்டும். டைனமோவிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, அதன் 'டி', 'எஃப்' முனைகளைச் சின்ன வயரால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வைத்து, மெதுவாக வேகம் கூட்ட வேண்டும். வோல்ட் தடையில்லாமல் 20 வரை ஏறினால் டைனமோ நலம். அதற்கு மேல் முறுக்கக் கூடாது, சுருள் கருகிவிடும். ஒரு வோல்ட்டோடு நின்றால் பெரும்பாலும் ஃபீல்டு காயில், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர் மேல் சந்தேகம். எதுவுமே வராவிட்டால் கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது மிச்சக் காந்தம் போயிருக்கலாம். பின்னதற்கு, வயர் கழற்றியிருக்கும்போதே பேட்டரியின் லைவ் வயரை 'எஃப்' முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். சீமன்ஸின் சூத்திரம் உயிர்பெற்றுவிடும்!

டைனமோ நலமாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லையா? அப்போது கட்-அவுட்டின் பாயின்ட் கருகியிருக்கும், அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கும்.

ஆல்டர்னேட்டருக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியில் இருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். அதேபோல டைனமோ வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கத்தை ஆல்டர்னேட்டரிடம் காட்டவே கூடாது.

அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனது. டைனமோவைப் பிரித்து ஆர்மேச்சர் கட்டத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் போன வரிசை எந்த வண்டிக்கும் பொருந்தும்: முதலில் பெல்ட், பிறகு வயர், பிறகு மீட்டர், கடைசியில்தான் பர்ஸ். தெருமுனையில் தூக்குவாளியோடு நிற்பவர்கள் ஏறப்போகும் வண்டி என்றால் அந்தப் பரிசோதனை முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருக்க வேண்டும்.