55.42: நூறில் ஒரு பங்கு நொடியும் 39 ஆண்டுகளும்

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அந்த ஆண்டில்தான் முதன்முறை. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 நொடியில் தங்கம் வென்றார். மூன்றாம் இடம் யாருக்கு என்பதை நிழற்படம் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜொகாரு 55.41, பி.டி. உஷா 55.42.

இந்திய விளையாட்டு நினைவு இந்த நூறில் ஒரு பங்கு நொடியிலேயே தங்கிவிட்டது. ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவரின் தவறான தொடக்கத்தால் ஓட்டம் மீண்டும் தொடங்கப்பட்டதும், எல்லைக்கோட்டில் உஷா மார்பை முன்தள்ளத் தவறியதாகக் கூறப்படுவதும் இன்றுவரை பேசப்படுகின்றன. அரையிறுதியில், பின்னர் வெள்ளி வென்ற அமெரிக்காவின் ஜூடி பிரவுனை உஷா முந்தியிருந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதே ஒலிம்பிக்கில் உஷா, வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஆகிய நால்வரும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிச் சுற்றை எட்டியது ஏறக்குறைய மறக்கப்பட்டே விட்டது.

உஷா முதல்வர் அல்லர். 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் கமல்ஜீத் சாந்து ஏற்கெனவே தங்கம் வென்றிருந்தார். உஷாவை வேறுபடுத்துவது அவருக்குப் பின்னால் இருந்த அமைப்பு. 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பய்யோலியிலிருந்து அங்கு சென்ற சிறுமியை ஓ.எம். நம்பியார் பயிற்சியாளராக இருந்து வளர்த்தெடுத்தார். தனிமனித மேதைமையின் கதையாகச் சொல்லப்படுவது, பெருமளவு ஒரு மாநில அரசின் முடிவினுடைய கதை. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடியபோது உஷாவுக்கு வயது 16. 1985இல் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. 1988 ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு ஓடி முதற்சுற்றிலேயே வெளியேறினார். பத்தாண்டுகளுக்குப் பின், ஒரு குழந்தைக்குத் தாயான நிலையில், ஃபுக்குவோக்காவில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் பெற்றதைச் சியோலின் தங்கங்களுக்கு இணையாகவே மதிக்க வேண்டும்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் அவர் பெயர் பொதுப்பெயராகவே மாறியது. வேகமாக ஓடும் எந்தச் சிறுமியிடமும் ‘பெரிய பி.டி. உஷான்னு நினைப்பா?’ என்று கேட்பார்கள். பாராட்டும் கேலியும் கலந்த இந்தத் தொடரைப் பயன்படுத்துவோர் பலர் அவர் ஓடியதைப் பார்த்ததே இல்லை.

ஆயினும் அவரது உண்மையான மரபைக் காட்டுவது வேறொரு கணக்கு. 55.42 என்பது 39 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நீடித்தது. இதைப் பெருமையாக எழுதுவது வழக்கம். ஒரு தலைமுறைக்கும் மேலாக இன்னொரு கண்ணூர் உருவாகவில்லை என்றும் அதே எண்ணை வாசிக்கலாம். அந்த வெற்றிடத்தை நிரப்ப உஷாவே 2002இல் கோழிக்கோட்டு மாவட்டத்தில் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு உருவான டின்டு லூக்கா, 2010இல் 800 மீட்டரில் ஷைனியின் தேசியச் சாதனையை முறியடித்தார்.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோவையின் வித்யா ராம்ராஜ் ஓடி முடித்தபோது பலகையில் தெரிந்த நேரம் 55.42. மறுநாள் இறுதிச் சுற்றில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.