ஏழுக்கு நான்கு

1947ஆம் ஆண்டு இலங்கைப் பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். கொத்மலைப் பக்கம் இறம்பொடையில் உள்ள வேவண்டன் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, பிறகு அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கிய கருப்பையாவின் மகன் அவர். மலைநாட்டில் அவருடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு மொத்தம் ஏழு இடங்கள் கிடைத்தன. லயத்து அறைகளில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய்ப் போட்ட வாக்குகள் அவை. கொழும்பில் இருந்த பெரிய தலைகள் அந்த ஏழையும் கவனித்துக்கொண்டன.

மறுவருடம் பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. நவம்பர் 15ஆம் தேதி 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. பிரஜை என்றால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதை எழுத்தில் காட்டவும் வேண்டும். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றாயிற்று. மலையேறித் தேயிலை நட்டவர்கள் நட்ட இடத்திலேயே நாடற்றவர்கள் ஆனார்கள்.

ஒரு சிறு கதவு மட்டும் திறந்திருந்தது. கலியாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்றது 1949இன் இன்னொரு சட்டம். கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. எட்டு லட்சம் பேருக்கு மேல் அடங்கிய மனுக்கள் வந்து குவிந்தன. பத்து வருடத்துக்கு மேல் நீண்ட விசாரணையில் ஏறத்தாழ 1,34,000 பேர்தான் தேறினார்கள். ஒரு தேதி தவறியதற்கும், ஒரு முறை ஊருக்குப் போய் வந்ததற்கும் குடும்பம் குடும்பமாக நிராகரித்தார்கள். மிச்சப் பேர் யாருடையவர்கள்? எங்களுடையவர்கள் அல்ல என்றது கொழும்பு. எங்களுடையவர்களும் அல்ல என்றார் நேரு. 1964 மே மாதம் நேரு காலமானார். ஆட்டம் மாறியது.

அந்த வருடம் அக்டோபர் 30ஆம் தேதி புதுடெல்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் தொகை 9,75,000 என்று மதிப்பிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். காலக்கெடு 15 வருடம். வேலையில் இருப்பவர் தம் முறை வரும்வரையோ 55 வயதுவரையோ, எது முந்துகிறதோ அதுவரை வேலை செய்யலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய பணத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கக்கூடாது. இப்படி எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. யாருடைய வாழ்க்கையைப் பங்கிட்டார்களோ, அவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

  

1968இல் மனுக்கள் கோரப்பட்டன. கொத்மலையில், பூண்டுலோயாவில், அட்டனில் லயத்துக்கு லயம் ஒரே பேச்சு: இங்கேயா, அங்கேயா? வயதுவந்த பிள்ளைகள் தனி மனுப் போட வேண்டும். ஆகவே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் எழுதிக்கொடுத்த வீடுகள் உண்டு. 1970இல் கணக்குப் பார்த்தபோது இரண்டு அரசாங்கங்களும் திகைத்தன. மூன்று லட்சம் இடம் ஒதுக்கிய இலங்கைக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கான இடங்களோ நிரம்பவில்லை.

மக்களின் விருப்பம் தெரிந்த பிறகும் கணக்கை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. 1971இல் பிடி இன்னும் இறுகியது. ஏழு பேர் கப்பலேறிய பிறகே நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒருவர் இருக்க வேண்டுமென்றால் இன்னொருவர் போயாக வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைவிடக் கொடிய ஒன்றை மலையகம் கண்டதில்லை. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் மிச்சம் வைத்த 1,50,000 பேரை 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். அதே காலத்தில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது. விருப்பம் செய்யாததைப் பசி செய்தது.

தலைமன்னார் ரயிலில் ஏறும் பெற்றோரைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அழுதார்கள். இராமானுஜம் கப்பல் அவர்களை இராமேஸ்வரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பலர் போனார்கள். தெரிந்த தொழில், தெரியாத ஊர். தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் பெயரிட்டது. அவர்களில் பலருக்குத் தாயகம் கொத்மலைதான். இன்னும் பல்லாயிரம் பேர் இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தபோதுதான், 1984இல், உள்நாட்டுப் போரின் காரணமாகக் கப்பல் நின்றது.

நாட்டை எரித்த போர், இந்த ஒரு பாதையை மூடி அவர்களை மலையிலேயே நிறுத்தியது. ஆனால் அவர்கள் கையில் இருந்த பாஸ்போர்ட் காலாவதியானது. இலங்கையிலும் பதிவு இல்லை. 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் இந்தியாவுக்கு மனுப் போடாதவர்களுக்கு வழி திறந்தன. பாஸ்போர்ட் வாங்கியவர்கள் அந்தரத்திலேயே நின்றார்கள். அவர்களுக்காகப் பேசிவந்த தொண்டமான் 1999இல் மறைந்தார். மறைந்த தேதி அக்டோபர் 30. ஒப்பந்தத்துக்குச் சரியாக 35 வயது நிரம்பிய நாள்.

நான்கு வருடம் கழித்து, 2003 அக்டோபரில், நாடாளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள். விகிதம் இல்லை, ஒதுக்கீடு இல்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பும் தொண்டமானின் கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் தோட்டம் தோட்டமாக முகாம் போட்டன. பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். இன்று கொத்மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வங்கியிலும் வாக்குச்சாவடியிலும் சாதாரணமாக எடுத்து நீட்டும் தேசிய அடையாள அட்டை இப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

போருக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்குப் போன மலையகத்தவரையும் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அங்குள்ள முகாம்களில் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கையில் இல்லாத மலையக வம்சத்தவர் இன்னும் இருக்கிறார்கள். சில அண்டை நாட்டவருக்கு வழி திறந்த 2019ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 1964இல் கையெழுத்திட்ட இரண்டு நாடுகளுக்கும் அவர்கள் விஷயத்தில் கடமை பாக்கி இருக்கிறது.