கோப்பு என்று பெயர் வைத்தால் கோப்பாகிவிடுமா? ரிசிபி இணைப்பு நிரல் மொழிகளுக்குள் வந்த கதை

ஃபோனில் காசு அனுப்புகிறோம். வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிறகு "தவறு ஏற்பட்டது, மீண்டும் முயலவும்" என்று ஒரு வரி. இப்ப காசு போனதா, போகேல்லையா? திரும்ப அழுத்தினா இரண்டு தரம் போயிடுமா? இந்தச் சந்தேகம் ஆப்பை மோசமாகச் செய்ததால் மட்டும் வருவதில்லை. நாங்கள் அனுப்பிய கோரிக்கை வழியில் தொலைந்திருக்கலாம். கோரிக்கை போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் இருக்கிற கணினிக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நிரல் மொழிகளைச் செய்தவர்கள் இந்தச் சந்தேகத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. சிலர் மூடி வைத்தார்கள், சிலர் வெளியே எடுத்து வைத்தார்கள். தொழில்நுட்பத்தின் வரலாறு என்றால் இயந்திரங்களின் பட்டியல் என்று எங்களுக்குள்ளேயே ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு மொழியின் நியம நூலகத்தை, அதாவது மொழியோடு கூடவே வருகிற ஆயத்த நிரல்களின் தொகுப்பை, ஒரு ஆவணமாக வாசித்துப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கும்.

முதலில் ரிசிபி. உயர்தரத்தில் ஐசிரி படித்தவர்களுக்கு "நடப்பொழுங்கு" என்ற சொல் நினைவிருக்கும். 1981 செப்டெம்பரில் ஜோன் பொஸ்டல் தொகுத்து வெளியிட்ட ஆர்எஃப்சி 793 என்ற ஆவணத்தில்தான் இந்த நடப்பொழுங்கு பல ஆண்டுகளுக்கு நிலைத்த வடிவத்தைப் பெற்றது. கதைக்க முதல் இரண்டு கணினிகளும் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும்: "கதைக்கலாமா?", "கதைக்கலாம், நானும் கதைக்கலாமா?", "சரி." அதன்பிறகு அனுப்பப்படும் ஒவ்வொரு பைற்றுக்கும் ஒரு எண் உண்டு. கிடைத்தது என்று மறுபக்கம் சொல்லாவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். பொதிகள் முன்பின்னாக வந்தால் ஒழுங்குபடுத்த வேண்டும். இவ்வளவையும் செய்கிற ரிசிபி இரண்டு விஷயங்களில் வாக்குக் கொடுப்பதில்லை. எப்போது போய்ச்சேரும் என்று சொல்லாது. மறுபக்கத்து நிரல் அதை வாசித்து வேலையை முடித்ததா என்றும் சொல்லாது.

அந்த ஆவணம் எந்த நிரல் மொழிக்கும் சொந்தமில்லை. ஒரு நிரலாளர் இதை எந்தக் கதவால் போய்ப் பிடிப்பது என்பதை வேறு யாரோ தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீர்மானித்தது கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம்.

1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்ப்பாநெற் பழைய நடப்பொழுங்கை விட்டு ரிசிபிக்கு மாறியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரகமான டார்பா, ஆய்வுகூடங்களில் பரவிக்கொண்டிருந்த யுனிக்ஸுக்குள் ரிசிபி இருக்க வேண்டும் என்று பேர்க்லிக்குப் பணம் கொடுத்தது. பேர்க்லி யுனிக்ஸுக்கான ரிசிபியை முதலில் எழுதியவர் பேர்க்லிக்காரர் இல்லை. பிபிஎன் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த ரொப் கர்விற்ஸ். அந்த நிரலை வாங்கிய பேர்க்லியின் பில் ஜோய் அதன் வேகம் போதாது என்று நினைத்து, தன் கைப்பட நிறைய மாற்றினார். பிறகு பிபிஎன் வடிவமா பேர்க்லி வடிவமா என்று ஒரு இழுபறியும் நடந்தது. 1983 ஓகஸ்டில் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் இருந்தது பேர்க்லியின் வடிவம்தான். அதனோடு சேர்ந்து உலகத்துக்கு வந்த நிரல் இடைமுகம்தான் "சொக்கற்".

சொக்கற்றின் முக்கியமான முடிவு ஒன்று. யுனிக்ஸில் கோப்பு, விசைப்பலகை, அச்சுப்பொறி எல்லாமே நிரலுக்குக் கோப்பு மாதிரித்தான் தெரியும். திறந்தால் ஒரு சின்ன எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்து வாசிக்கலாம், எழுதலாம். பேர்க்லிக்காரர்கள் வலையமைப்பு இணைப்பையும் அதற்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இணைப்பு ஏற்பட்ட பிறகு, கோப்பை வாசிக்கிற அதே "ரீட்", எழுதுகிற அதே "ரைட்". கோப்புக்காக எழுதிய நிரல் ஒன்றும் தெரியாமலே இன்னொரு ஊரோடு கதைக்கும். இது ஒரு பெரிய சாதனைதான், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கோப்பு வட்டில் இருக்கிறது, மறுபக்கம் இன்னொரு ஊரில் இருக்கிறது. சொக்கற்றில் "ரைட்" வெற்றி என்று திரும்பி வந்தால் அதன் அர்த்தம், எங்களுடைய கணினியின் பணிசெயல் முறைமை பைற்றுகளைத் தன் இடைநினைவில் வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்ட மாதிரி. போட்டது நிச்சயம், கிடைத்தது நிச்சயமில்லை. "ரீட்" பக்கமும் இப்படித்தான். அங்கே ஒரே தரத்தில் எழுதிய ஆயிரம் பைற்றுகள் இங்கே அறுநூறும் நானூறுமாக வரலாம். ரிசிபிக்குத் தெரிந்தது பைற்றுகளின் ஓட்டம் மட்டும். செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. சொக்கற் நிரலாக்கம் தொடங்குகிற எல்லோரும் இதில் ஒரு தரமாவது விழுவார்கள். சொந்தக் கணினிக்குள்ளேயே பரிசோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக வரும், வெளியே கொண்டுபோனதும் உடைந்துவிடும்.

சொக்கற் சீ மொழிக்காகவே எழுதப்பட்டது. ஆனாலும் 1989இல் அமெரிக்க நியமமாக வந்த சீயின் நூலகத்தில் அது இல்லை. கோப்பு இருந்தது, சைன் கொசைன் இருந்தது, வலையமைப்பு இல்லை. அது பணிசெயல் முறைமையின் விஷயம், மொழியின் விஷயம் இல்லை என்பது அந்தக் காலத்து நிலைப்பாடு. சொக்கற் பொசிக்ஸ் என்ற பணிசெயல் முறைமை நியமத்துக்குள்தான் போனது. சீ++ இன்னும் மோசம். அதற்கான வலையமைப்பு நூலக வரைவு 2018இல் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வெளிவந்தது. சீ++20இலும் சேரவில்லை, சீ++23இலும் சேரவில்லை. ரிசிபி பிறந்து 40 வருடம் கடந்த பிறகும் அந்த மொழியின் நியம நூலகத்துக்கு இன்னொரு கணினியோடு கதைக்கத் தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் நின்றது சன் மைக்ரோசிஸ்ரம்ஸ். வலையமைப்பே கணினி என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். அந்த வாசகத்துக்கு எதிரான மிகக் கூர்மையான கட்டுரையும் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்தே வந்ததுதான் எங்களுக்குப் பிடித்த விஷயம். 1994இல் ஜிம் வால்டோ, ஜெஃப் வையண்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டல் ஆகிய நான்கு பேர் பரவல் கணிமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார்கள். தூரத்தில் இருக்கிற பொருளைப் பக்கத்தில் இருக்கிற பொருள் மாதிரியே நிரலாளருக்குக் காட்டுகிற முயற்சி தோற்கும் என்பது அவர்களின் வாதம். தாமதம் வேறு, நினைவகத்தை அணுகுகிற விதம் வேறு. எல்லாவற்றையும் விட முக்கியமாக, பாதி உயிரோடு இருக்க மீதிப் பாதி செத்துப்போகிற நிலை ஒரே கணினிக்குள் ஓடுகிற நிரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை, வலையமைப்பில் அது அன்றாடம். நாங்கள் முதல் பந்தியில் சொன்ன காசுச் சந்தேகம்தான் அது.

1996 ஜனவரியில் ஜாவாவின் முதல் பதிப்பு வந்தபோது, நியம நூலகத்துக்குள்ளேயே சொக்கற் இருந்தது. அந்த நேரத்தில் இது பெரிய விஷயம். யுனிக்ஸில் ஒரு மாதிரி, விண்டோஸில் இன்னொரு மாதிரி என்று எழுத வேண்டியதில்லை. கணினியின் பெயரையும் வாயில் எண்ணையும் கொடுத்து ஒரு புதிய சொக்கற் பொருளை உருவாக்கினால் இணைப்பு வந்துவிடும்.

அந்த ஒற்றை வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பொருளை உருவாக்குவது என்றால் ஜாவாவில் சாதாரண வேலை, நினைவகத்தில் கொஞ்ச இடம் எடுப்பது. இங்கே அதே எழுத்து உலகத்தின் மறுமூலைக்குப் போய்வருகிறது. மறுபக்கம் பேசாமல் இருந்தால் நிரலும் அந்த வரியிலேயே நிற்கும். இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று இணைக்கும்போதே சொல்லுகிற வசதி 2002இல் வந்த ஜாவா 1.4 வரைக்கும் அந்த சொக்கற்றில் இல்லை. இணைப்பு ஏற்படாமலும் போகலாம், ஏற்படவும் நேரமெடுக்கலாம் என்பதில் ஜாவா முதல் பாதியை மட்டும்தான் எண்ணியிருந்தது.

முதல் பாதியை நன்றாகவே எண்ணியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொக்கற் வழு எறியக்கூடியது என்பதை ஜாவா எழுத்திலேயே அறிவிக்கும். அதைப் பிடிக்கவோ மேலே அனுப்பவோ இல்லாவிட்டால் நிரல் கம்பைல் ஆகாது. பிறகு தூரத்துப் பொருளை அழைக்கிற ஆர்எம்ஐ வசதி வந்தபோது, அப்படியான ஒவ்வொரு அழைப்பும் தூரத்து வழுவை அறிவித்தே ஆகவேண்டும் என்று விதி போட்டார்கள். ஆர்எம்ஐயை வடிவமைத்த முக்கியமானவர் 1994 கட்டுரையின் நான்கு பேரில் ஒருவரான ஆன் வோல்ராத். நிரலாளர்கள் என்ன செய்தார்கள்? வழுவைப் பிடித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் அடைப்புக்குறியை மூடிவிட்டுப் போனார்கள். கம்பைலருக்குச் சரி, பாவிக்கிறவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஜாவாவின் அந்த முதல் சொக்கற் நிரல், சீயும் ஜாவாவும் கலந்தது, 23 வருடம் உள்ளே இருந்தது. 2019 செப்டெம்பரில் வெளிவந்த ஜேடிகே 13இல்தான் முழுதாக மாற்றி எழுதினார்கள். வெளியே கதவு அப்படியே இருக்க, உள்ளே வீட்டை இடித்துக் கட்டின மாதிரி. இந்தத் திகதியைக் கவனத்தில் வைத்திருங்கள்.

இடையில் கூகுளின் கோ மொழி. (தமிழில் அரசன் என்று அர்த்தம் வருவது அவர்களுக்குத் தெரியாது.) 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. உருவாக்கிய மூவரில் ரொப் பைக், கென் தொம்சன் இருவரும் பெல் ஆய்வுகூடத்தில் பிளான் 9 என்ற பணிசெயல் முறைமையைச் செய்தவர்கள். யுனிக்ஸின் அடுத்த தலைமுறையாக எண்ணிச் செய்த அதில் இணைப்பு எடுக்க "டயல்" என்று ஒரே ஒரு அழைப்பு இருந்தது. பேர்க்லியின் முகவரிக் கட்டமைப்புகள் ஒன்றும் நிரலாளரின் கைக்கு வராது. கோவின் நியம நூலகத்தில் இருப்பதும் அதே "டயல்"தான். அது இரண்டு விஷயங்களைத் திருப்பித் தரும்: இணைப்பும், வழுவும். இரண்டும் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆனால் வழு வருகிற இடத்தில் ஒரு அடிக்கோடு போட்டு அதைத் தூக்கி எறியவும் கோ விடும்.

கோவில் வெளியே தெரியாத இன்னொரு தீர்மானமும் இருக்கிறது. 1984இல் ஜோன் நேகிள் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: சின்னச் சின்னப் பொதிகளை உடன உடன அனுப்பாமல், முதல் அனுப்பியதற்குப் பதில் வரும்வரை சேர்த்து வைத்து அனுப்பு, நெரிசல் குறையும். பணிசெயல் முறைமைகள் இதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும். கோவின் நூலகமோ ஒவ்வொரு ரிசிபி இணைப்பிலும் அதை நிறுத்திவிட்டுத்தான் உங்கள் கையில் தரும். தாமதம் குறையும், ஆனால் துண்டு துண்டாக எழுதுகிற கவனமில்லாத நிரல் மெல்லிய இணைப்பைச் சின்னப் பொதிகளால் நிரப்பும். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. நல்ல பைபர் இருக்கிற ஒருவரும், சிக்னல் ஒரு கோடு மட்டும் தெரிகிற ஒருவரும் இதில் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள். நிரலாளரைக் கேட்காமல் நூலகம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது.

இனி கொழும்பு. ஜேடிகே 13 வெளிவந்த அதே 2019 செப்டெம்பரில், பலரினா என்ற நிரல் மொழியின் 1.0 பதிப்பும் வெளிவந்தது. செய்தது டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், முன்னின்றவர் சஞ்சீவ வீரவரண. மொழியின் வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் பெயர் பெற்ற ஜேம்ஸ் கிளார்க். டபிள்யூஎஸ்ஓ2வின் வியாபாரமே ஒரு நிறுவனத்தின் முறைமைகளை இன்னொன்றோடு கதைக்க வைப்பது. ஆகவே வலையமைப்பை நடுவில் வைத்து ஒரு மொழி செய்தார்கள் என்பதில் வியாபாரக் காரணமும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் எடுத்த முடிவு 1983க்கு நேர் எதிரானது.

பலரினாவில் சாதாரண அழைப்புக்கு ஒரு புள்ளி. வலையமைப்பைத் தாண்டிப் போகிற அழைப்புக்கு -> என்ற அம்பு. மொழியின் இலக்கணத்திலேயே இரண்டும் வேறு. அதன் ரிசிபி நூலகத்தில் பைற்றுகளை எழுதினாலும் அம்பு, வாசித்தாலும் அம்பு, இணைப்பை மூடினாலும் அம்பு. நிரலை ஓட்டமாகப் பார்க்கிற ஒருவருக்கும் எந்த வரியில் ஊரை விட்டு வெளியே போகிறோம் என்று விளங்கும். வழுவைக் கையிலே வாங்காமல் தூக்கி எறிய அது விடாது. ஒன்றில் கையாள வேண்டும், இல்லாவிட்டால் "செக்" என்ற சொல்லைப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். இன்னொரு படி மேலே போய், எழுதிய நிரலை யார் யாரோடு எந்த ஒழுங்கில் கதைக்கிறார்கள் என்ற படமாகவும் வரைந்து காட்டும்.

1994 கட்டுரை ஆங்கிலத்தில் வாதமாகச் சொன்னதை இந்த மொழி ஒரு நிறுத்தக்குறியாக மாற்றியிருக்கிறது என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். உலகம் முழுக்கப் பரவிவிட்ட மொழி என்று சொல்ல ஏலாது. ஜாவாவுக்கும் கோவுக்கும் பக்கத்தில் வைத்தால் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் நிரல் மொழிகளின் வரலாற்றில் இலங்கை பாவனையாளராக மட்டும் வருகிற வழக்கத்துக்கு இது ஒரு விலக்கு. அதைப் பற்றித் தமிழிலே கதைக்கிற ஆட்கள் எங்கள் வட்டத்தில் மிகக் குறைவு.

அம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டினால் கொஞ்சம் சிரிப்பும் வரும். பலரினாவின் ரிசிபி நூலகம் நெட்டி என்ற ஜாவா நூலகத்தின் மேல் நிற்கிறது. நெட்டி, 2002இல் ஜாவாவுக்கு வந்த புதிய உள்ளீட்டு வெளியீட்டு வசதியின் மேல். அதற்குக் கீழே பணிசெயல் முறைமை. அங்கே இன்னும் சொக்கற், பைண்ட், லிஸன், அக்செப்ட் என்று அதே 1983 அழைப்புகள், அதே கோப்பு எண். பைற்றுகள் வந்தால் சொல்லு என்று பலரினாவில் எழுதிவைக்கிற பகுதிக்கும் சில வேளை அறுநூறு வரும், பிறகு நானூறு வரும். செய்தி எங்கே முடிகிறது என்பதை அங்கேயும் நாங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.