வைஃபை வேலை செய்யவில்லையா? கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பத்து மணி என்றால் ஊருக்குக் கதைக்கிற நேரம். குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்போது பிற்பகல் மூன்றரை. மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அம்மம்மாவின் முகம் வரும்வரை சுற்றி நிற்போம். கடந்த மாரியில் நாலைந்து வாரமாக அந்த முகம் வரவேயில்லை, அல்லது வந்து பாதி வசனத்தில் உறைந்து நின்றது. "பிள்ளைகளுக்கு நேரமில்லைப் போல" என்று அவர் அயலட்டையில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மடிக்கணினி பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடையொன்றில் கொடுத்தோம். காசும் கொடுத்தோம். கடையில் நன்றாக வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய கதைதான். கடைசியில் பார்த்தால், பிறந்தநாள் விழாவுக்கு ஆட்கள் வந்தபோது வயர்கள் தெரியக்கூடாது என்று ரவுட்டரை எடுத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். அதை வெளியே எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தோம். அந்த ஞாயிறே அம்மம்மாவின் முகம் தெளிவாக வந்தது.

நாங்கள் விட்ட பிழை, கோளாறு எங்கே என்று பார்க்காமல் திருத்தத் தொடங்கியதுதான். வைஃபை கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: மடிக்கணினி, அதற்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட வெளி, ரவுட்டர், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு. எது என்று அறிய ஐந்து நிமிடம் போதும்.

முதலில் ஒரு சோதனை

உங்கள் கைத்தொலைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இதை மறந்தால் சோதனையே பிழைத்துவிடும். வைஃபை இல்லாவிட்டாலும் தொலைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். இப்போது வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

மடிக்கணினி இருக்கும் அதே இடத்தில் தொலைபேசி நன்றாக வேலை செய்தால், கோளாறு பெரும்பாலும் மடிக்கணினியில். அந்த இடத்தில் இரண்டுமே திணறி, ரவுட்டருக்குப் பக்கத்தில் போனதும் இரண்டும் சரியானால், இடையிலுள்ள சுவரும் தூரமும்தான் காரணம். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றும் எதுவுமே வேலை செய்யாவிட்டால், ரவுட்டர் அல்லது வெளி இணைப்பு.

சந்தேகம் தீரவில்லை என்றால் மொபைல் டேட்டாவைத் திரும்பப் போட்டு, தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணையுங்கள். அதில் ஓடினால் மடிக்கணினியின் வைஃபை பாகம் நலமாக இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

மடிக்கணினியில் என்றால்

1. விமானப் படமுள்ள விசையைப் பாருங்கள். துடைக்கும்போதோ பிள்ளைகள் விளையாடும்போதோ அது தட்டுப்பட்டு வைஃபை அணைந்திருக்கலாம். பழைய கணினிகள் சிலவற்றில் பக்கவாட்டில் சிறிய சுவிட்சும் உண்டு.

2. மூடியை மூடித் திறப்பது மறுதொடக்கம் ஆகாது. விண்டோஸில் 'ஷட் டவுன்' செய்தாலும் பல கணினிகளில் பழைய நிலை முழுதாக அழிவதில்லை. 'ரீஸ்டார்ட்' என்பதையே அழுத்துங்கள்.

3. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரைத் தெரிந்து 'ஃபொகெட்' கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லை மீண்டும் இடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அது பின்புறமோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும். நிறுவனம் புதிய ரவுட்டர் அனுப்பியிருந்தால் பழைய கடவுச்சொல் செல்லாது.

4. திகதியையும் நேரத்தையும் பாருங்கள். நெடுநாள் அலுமாரியில் கிடந்த கணினியில் திகதி பின்னுக்குப் போயிருக்கும். திகதி பிழைத்தால் வங்கி, அரசாங்கத் தளம் போன்ற பாதுகாப்பான பக்கங்கள் திறக்காது.

5. வேறு நாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விபிஎன் போட்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். 'இணைக்கப்பட்டுள்ளது, ஆனால் இணையம் இல்லை' என்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

6. வைஃபை விபரங்களில் உங்கள் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் இந்தக் கணினிக்கு முகவரி தரவில்லை என்று அர்த்தம். கணினியையும் ரவுட்டரையும் மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

7. எதுவும் சரிவராவிட்டால், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'நெட்வொர்க் ரீசெட்'. இது சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களை எல்லாம் அழித்துவிடும். ஆகவே கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கணினியில் வைஃபை என்ற சொல்லே தென்படாவிட்டால் உள்ளே இருக்கும் பாகம் பழுதாகியிருக்கலாம். யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி மலிவாகக் கிடைக்கும். அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டாம்.

சுவரும் அயலவரும் என்றால்

ஸ்ட்ரெதமில் நம்மவர் பலர் இருப்பது விக்டோரியா, எட்வேர்ட் காலத்துத் தொடர் வீடுகளில். அவற்றின் தடித்த செங்கல் சுவரும் புகைபோக்கித் தூணும் அலையைத் தின்றுவிடும். தெருவிலிருந்து கம்பி முன்வாசலால் வருவதால் ரவுட்டரும் அங்கேயே இருக்கும். குசினியோ வீட்டின் கடைசியில். 1936இல் கட்டப்பட்ட புல்மன் கோர்ட் போன்ற தொடர்மாடிகள் கம்பி வைத்த கொங்கிரீட். அலைக்கு அதுவும் பெரிய தடை.

இன்னொன்று நெரிசல். ஒரே வீட்டை மூன்று ஃபிளாட்டாகப் பிரித்திருந்தால் மூன்று ரவுட்டர். வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர் வரும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பிரித்தானியாவில் 13 சனல்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று முட்டாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலையில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாக்கும்போது படம் உறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு; ஆனால் சுவரைத் துளைப்பதில் பலம் குறைவு. ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூர அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரைத் தரையிலோ அலுமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். அலைநீட்டிக் கருவி வாங்கினால், சமிக்ஞை இல்லாத அறையில் அல்ல, பாதி வழியில் செருகுங்கள். அதற்கே நல்ல அலை கிடைத்தால்தான் உங்களுக்குத் தரும். நீதிமன்றக் காணொளி விசாரணை, நேர்முகத் தேர்வு போன்ற நாட்களில் வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து நேரே கேபிள் இழுத்துவிடுங்கள்.

ரவுட்டரோ வெளி இணைப்போ என்றால்

மின்செருகியைக் கழற்றி முப்பது செக்கன் பொறுத்து மீண்டும் போடுங்கள். விளக்குகள் நிலைபெற ஐந்து நிமிடம் விடுங்கள். ஊசியால் குத்தும் 'ரீசெட்' துளையைத் தொடாதீர்கள். அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும்.

ஆனால் கழற்ற முன் ஒன்று. பிரித்தானியாவின் பழைய செப்புக் கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரியோடு முடிகிறது. பல வீடுகளில் வீட்டுத் தொலைபேசி ஏற்கனவே ரவுட்டர் ஊடாகவே வேலை செய்கிறது. வயதானவர்கள் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தானும் அதையே நம்பியிருக்கலாம். ரவுட்டர் நின்றால் 999க்கு எடுக்கவும் வழியில்லாமல் போகலாம். அப்படியான வீட்டில் கையில் மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்று இருக்க வேண்டும். வீட்டுத் தொலைபேசியை மட்டும் நம்பியிருப்பவர் என்றால் நிறுவனத்துக்கு அதைச் சொல்லுங்கள். மின்சாரம் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு எடுக்க அவர்கள் வழிசெய்ய வேண்டும்.

அப்படியும் இணையம் வராவிட்டால் நிறுவனத்திடம் முறையிடுங்கள். திகதி, நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒஃப்கொமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், முறையிட்டு இரண்டு முழு வேலைநாட்களுக்குள் சேவையைத் திருப்பித் தராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தர வேண்டும். முறையிடாத நாட்களுக்குக் கணக்கு இல்லை.

தானாக வரும் அழைப்பு

"உங்கள் இணையத்தில் கோளாறு, நாங்கள் திருத்தித் தருகிறோம்" என்று யாராவது தாமாக எடுத்தால் வைத்துவிடுங்கள். கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கு அவர்கள் கையில். தமிழில் கதைத்தாலும் நம்ப வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 159க்கு எடுங்கள்; பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேரே இணைக்கும்.

வீட்டில் இணையம் இல்லாத நாளில் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலுள்ள டேட் நூலகம் இருக்கிறது. சீனி வணிகர் ஹென்றி டேட்டின் கொடையில் 1891இல் திறக்கப்பட்டது. இன்று இலவச வைஃபையும் கணினிகளும் உண்டு. மடிக்கணினியைக் கொண்டுபோனால் மேலே சொன்ன சோதனையையும் அங்கே செய்துவிடலாம்.

வதிவிட அட்டைகள் 2024 முடிவோடு போய் ஈவிசா வந்துவிட்டது. வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ நம் உரிமையைக் காட்டுவதற்கும் இப்போது இணையம் வேண்டும். ரவுட்டரின் கடவுச்சொல், நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், 159 மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரத்தில் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு அந்தத் தாள் உதவும்.