மனோன்மணீயமும் விக்டோரியக் கதைக்கவிதையும்

மனோன்மணீயம், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) 1891இல் வெளியிட்ட செய்யுள் நாடகம். ஐந்து அங்கம், இருபது களம் கொண்டது. இதன் பாயிரத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்தே தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. அந்தப் புகழில் நாடகத்தின் பெண்கள் மறைந்துபோனது பெரிய இழப்பு.

கதையின் மூலம், லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட மிலேட்டஸ் கதைக்கவிதைத் தொகுதியிலுள்ள ‘இரகசிய வழி’. நேரில் பார்த்திராத இருவர் கனவில் கண்டு காதலிப்பது அதன் கரு. சுந்தரம் பிள்ளை அவர்களைப் பாண்டியன் மகள் மனோன்மணியாகவும் சேரன் புருடோத்தமனாகவும் ஆக்கி, நாஞ்சில் நாட்டு உரிமையைப் போருக்குக் காரணமாக வைத்தார். முற்றுகைக்கு நடுவே, நாட்டின் நலன் கருதி, அமைச்சன் குடிலனின் மகன் பலதேவனை நள்ளிரவில் மணக்க இசைகிறாள் மனோன்மணி. கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போன குடிலனையே சிறைபிடித்துக்கொண்டு சுரங்கவழியே வந்து நிற்கிறான் சேரன். அவள் கனவில் கண்ட அதே முகம். மணமாலை அவன் கழுத்தில் விழுகிறது.

தோழி வாணி அவளைவிடத் துணிந்தவள். பொருளாசை கொண்ட தந்தை சகடன் அவளைப் பலதேவனுக்குக் கொடுக்க முனைகிறான். அரசனும் தந்தை பக்கமே பேசுகிறான். தான் காதலிக்கும் நடராசனையன்றி எவரையும் மணக்கமாட்டேன் என்று அவள் உறுதியாக நிற்கிறாள். நாடகத்துக்குள் வரும் ‘சிவகாமி சரிதம்’ கோல்டுஸ்மித்தின் ‘துறவி’ என்ற பாட்டைத் தழுவியது. ஆண் வேடத்தில் அலையும் பெண், காட்டில் தன் காதலனையே துறவியாகக் காணும் கதை அது.

பெண்கல்வியை நேரடியாகப் பாடிய விக்டோரியக் கதைக்கவிதை டென்னிசனின் ‘இளவரசி’ (1847). மணவாழ்வை வெறுத்துப் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் நிறுவும் ஐடா, முடிவில் காதலுக்கு இணங்குகிறாள். லண்டனில் குயின்ஸ் கல்லூரி திறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மனோன்மணீயத்தில் அப்படியொரு கல்விக்கூடம் இல்லை. ஆனால் யாரை மணப்பது என்று பெண் தானே எண்ணித் தீர்மானிக்கும் உரிமையை வாணி கேட்கிறாள். படிப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கும் வேர் அதுதான்.

திருவனந்தபுரத்தில் 1864இல் தொடங்கிய அரசுப் பெண்கள் பள்ளி, சுந்தரம் பிள்ளை இறந்த 1897இல் கல்லூரியாக உயர்ந்தது. அவர் பாடம் நடத்திய மகாராஜா கல்லூரியில் பின்னாளில் சேர்ந்த மேரி புன்னன் லூக்கோஸுக்கு, பெண் என்பதால் அறிவியல் வகுப்பு மறுக்கப்பட்டது. வரலாறு படித்து 1909இல் பட்டம் பெற்ற அவர், லண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பினார்.