பள்ளி வேதியியல் ஆய்வகம்: அலமாரியிலிருந்து மலக்குழி வரை

மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் சிந்தி ஒருவர் காயமடைந்தால், பெரும்பாலும் மாணவரின் கவனக்குறைவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அமிலத்தை அத்தனை பெரிய பாட்டிலில் வாங்கியது யார், அதை எந்த அலமாரியில் வைத்தார்கள், மாடிப்படி ஏறி யார் சுமந்து வந்தார்கள், மீந்ததை யார் கையில் கொடுத்து எங்கே ஊற்றச் சொன்னார்கள் என்ற கேள்விகள் எழுவதில்லை. இவற்றைத் தொடர்ந்து சென்றால் ஆய்வகத்தின் வாசலோடு விசாரணை முடியாது. பள்ளியைக் கூட்டிக் கழுவும் பணியாளரிடமும், பள்ளியின் மலக்குழிக்குள் இறக்கப்படும் தொழிலாளியிடமும் சென்று நிற்கும். அவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் கொள்முதல். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கப்படும் பொருள்களே அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. உண்மையான தேவை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பருமனறி பகுப்பாய்வில் ஒரு மாணவருக்கு 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் என்றால் 40 பேருக்கு 800 மி.லி. போதும். அதன் திறன் 2 நார்மல் எனக் கொண்டால், தயாரிக்கத் தேவைப்படும் அடர் அமிலம் சுமார் 45 மி.லி. மட்டுமே. ஆகவே 500 மி.லி. பாட்டில் ஒன்று இத்தகைய பதினோரு வகுப்புகளுக்குப் போதுமானது. இரண்டரை லிட்டர் பாட்டிலோ அமிலம் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கைநழுவும், விழுந்தால் ஓர் அறை முழுவதும் பரவும். விலை சற்றுக் குறைகிறது என்பதற்காக இதை வாங்குவது சிக்கனம் ஆகாது. ஒவ்வொரு பொருளோடும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பனையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். பதினாறு பகுதிகள் கொண்ட அத்தாளில் முதலுதவி, சேமிப்பு, சிந்தினால் செய்ய வேண்டியது, கழிவகற்றல் யாவும் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முதலுதவிப் பகுதியையாவது தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுவது வேதியியல் ஆசிரியருக்கு ஒரு மாலை நேர வேலை.

சேமிப்பில் நாம் அதிகம் காணும் பிழை அகரவரிசை. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும் இந்த முறையில் சோடியம் உலோகமும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலும் அருகருகே வந்துவிடும். மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டிய சோடியத்தின் மீது கரைசல் கசிந்தால், அதிலுள்ள நீரே தீ மூட்டப் போதுமானது. பொருள்களை அவற்றின் பெயரைப் பார்த்துப் பிரிக்காமல் குணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆக்சிஜனேற்றிகளான பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் நைட்ரேட்டுகளும் கிளிசரால், ஆல்கஹால் போன்ற எரியக்கூடியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் 'அமிலம்' என்ற பெயரால் அசிட்டிக் அமிலத்தோடு ஒரே தட்டில் வைக்கப்படுகிறது. அதுவும் ஆபத்தே, ஏனெனில் முன்னது வலிமையான ஆக்சிஜனேற்றி, பின்னது தீப்பற்றக்கூடியது. அடர் அமிலங்கள் கண்மட்டத்துக்குக் கீழே, கசிவைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல் இருக்கட்டும். பெயர்ச்சீட்டு அழிந்துபோன பாட்டிலை முகர்ந்து பார்த்து அடையாளம் காண முயலவே கூடாது.

கையாளுதலில் எல்லாரும் அறிந்தவற்றை விரைந்து கடப்போம். அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை ரப்பர் குமிழ் கொண்டு ஒழிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இதற்கு ஆய்வகத்தில் தண்ணீர் வர வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டியது. மேல்நிலைத் தொட்டி வறண்டிருக்கும் நாளில் செய்முறை வகுப்பு நடத்தக் கூடாது.

நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்குப் பிந்தைய கட்டத்தை. உப்புப் பகுப்பாய்வு முடிந்ததும் சோதனைக்குழாயில் மீந்தது எல்லாம் தொட்டியில் ஊற்றப்படுகிறது. ஈயம், பாதரசம், குரோமியம் கலந்த கரைசல்களும் அதே வழியில் போகின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் அந்தக் குழாய் மண்ணிலோ மலக்குழியிலோ முடிகிறது. சல்பைடு உப்பின் மீது அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு எழுவதை நம் மாணவர்கள் சோதனைக்குழாயில் கண்டு குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். மலக்குழியின் அடிச்சேற்றிலும் சல்பைடுகள் உண்டு. அங்கே இறங்கும் மனிதர்களைக் கொல்லும் வாயுக்களில் முதன்மையானது இதே ஹைட்ரஜன் சல்பைடுதான். செறிவு கூடும்போது இது முகரும் திறனையே மழுங்கடிப்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் மடிகிறார். ஒரு சோதனைக்குழாய்ச் சொட்டு இதைச் செய்துவிடாது. ஆனால் 'காலாவதியானது' என்று பாட்டில் அமிலத்தை அப்படியே வடிகாலில் கவிழ்ப்பது, அடியில் உறங்கும் வாயுவைத் தட்டி எழுப்பும் செயல். 2013ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இன்றி மலக்குழியில் ஆட்களை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. அந்தக் குழிக்குள் போவது என்ன என்பதும் அதே அக்கறையோடு கேட்கப்பட வேண்டும்.

மீந்த நீர்த்த அமிலத்தைச் சமையல் சோடா சேர்த்து, நுரைப்பு அடங்கும்வரை நடுநிலையாக்கி, நிறைய நீரோடு வெளியேற்றலாம். கன உலோகக் கரைசல்களைப் பெயரிட்ட தனிக் கலன்களில் சேர்க்க வேண்டும். தீங்கான கழிவுகளைக் கையாளும் உரிமம் பெற்ற நிலையம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. ஒரு பள்ளியின் சில லிட்டர் கழிவுக்காக அங்கிருந்து வண்டி வராது என்பதால், மாவட்டக் கல்வி நிர்வாகம் பள்ளிகளிலிருந்து ஆண்டுக்கொரு முறை திரட்டி அனுப்புவதே நடைமுறைக்கு ஏற்றது.

கழிவறையும் இந்தக் கணக்கில் சேரும். கழிவறை கழுவ வாங்கப்படும் 'ஆசிட்' ஹைட்ரோகுளோரிக் அமிலமே. அதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வெளிப்படும். இவ்விரண்டையும் சேர்த்தே பணியாளர் கையில் கொடுக்கும் பள்ளி, ஆய்வக மாணவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கித் தந்தாலும் பாதுகாப்பான பள்ளி ஆகாது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியலினக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். யார் கையில் எதைக் கொடுப்பது என்பதைச் சாதி முடிவு செய்யும் இடத்தில் எச்சரிக்கைச் சீட்டு எவரையும் காக்காது.

இத்தனை ஆபத்து எனில் ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் பயிலும் முதல் தலைமுறை மாணவிக்குப் பியூரெட்டைத் தொட்டுப் பார்க்க வேறு இடமில்லை. குறைந்த அளவில், சொட்டு முறையில் செய்யும் சோதனைகளுக்குப் பொருளும் குறைவு, கழிவும் குறைவு, கற்பது குறைவதில்லை.

கேள்வி கேட்பதற்கான சட்டப் பிடிமானமும் இருக்கிறது. அமில வீச்சுக்கு உள்ளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 18 ஜூலை 2013 அன்று பிறப்பித்த ஆணை கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து அதைக் கோட்ட நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறுவோரைச் சோதிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் அந்த நடுவர், சார் ஆட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ ஆவார். உங்கள் கோட்டத்தில் எந்தெந்தப் பள்ளிகள் பதிவேட்டைத் தாக்கல் செய்துள்ளன, பொறுப்பாளர் யார், ஆய்வகக் கழிவு எங்கே செல்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்திடமும் பள்ளியிடமும் தனித்தனியே கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வந்ததைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தூய்மைப் பணியாளரையும் அழைத்து அமரவைத்து, வாசித்துக் காட்டுங்கள்.